வாய்ப்பாடு மனதில் நிற்க ஒரு ஒர்க் ஷீட்

"பிள்ளைங்க படிப்புக்காகத்தான் வாங்கினேன்" என்று சொல்லித்தான் நம்மில் பலர் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் கொண்டு வருகிறோம். பத்து நாள் கழித்துப் பார்த்தால் அதில் பாட்டும் சினிமாவும் ஓடிக் கொண்டிருக்கும். படிப்புக்கு அதை எப்படிப் பயன்படுத்துவது என்று யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். 2018 மே மாதம் ஒரு லேப்டாப் வாங்கினேன். முதல் மாதம் முழுக்க அதில் சீட்டு விளையாடினேன்.

நான் புதுக்கோட்டை மாவட்டம் கறம்பக்குடி பக்கம் தொடக்கப் பள்ளி ஆசிரியர். கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. எக்செல்லில் நான் ஒழுங்காகக் கற்றுக் கொண்ட முதல் வேலை ஒரு சிறிய ஒர்க் ஷீட். பெருக்கல் வாய்ப்பாடு மனதில் நிற்காத பிள்ளைகளுக்காகச் செய்தது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் படிப்படியாகச் சொல்லப் போகிறேன். உங்கள் கம்ப்யூட்டரில் எக்செல் இல்லை என்றால் கவலை வேண்டாம். லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இன்டர்நெட்டில் இருந்து இலவசமாக இறக்கிக் கொள்ளலாம். அதில் உள்ள கால்க் புரோகிராமில் இதே வேலையைச் செய்யலாம்.

பாட்டாக வரும், பதிலாக வராது

அந்த ஆண்டு என் ஐந்தாம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். ஏழாம் வாய்ப்பாடு சொல் என்றால் "ஓரேழ் ஏழு, ஈரேழ் பதினாலு, மூவேழ் இருபத்தொண்ணு" என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். சரி, ஏழெட்டு எவ்வளவு என்று தனியாகக் கேட்டால் கை டெஸ்க்குக்கு அடியில் போய்விடும். விரலை மடக்கி ஓரேழில் இருந்து ஆரம்பிப்பாள். எட்டாவது படிக்கு வருவதற்குள் ஒரு விரல் தப்பிவிடும். 54 என்பாள், 49 என்பாள்.

இதனால் என்ன என்று கேட்கலாம். வகுத்தல் கணக்கு வரும்போதுதான் இதன் அருமை தெரியும். நான்கு இலக்க எண்ணை 7ஆல் வகுக்க நாலு தடவை ஏழாம் வாய்ப்பாட்டுக்குள் போய் வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஓரேழில் இருந்து ஏறினால், மேலே வந்து சேர்வதற்குள் எந்த எண்ணைக் கழித்துக் கொண்டிருந்தோம் என்பது மறந்துவிடும். அவளுக்கு வகுக்கும் முறை தெரியும். நடுவில் மனம் களைத்துவிடும். கணக்குப் பரீட்சை என்றால் அன்று பள்ளிக்கு வராமல் இருக்க ஆரம்பித்தாள். ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, "எனக்கு வாய்ப்பாடே வராது சார், நான் மக்கு" என்றாள். அடுத்த ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளை. இந்த எண்ணத்தோடு போனால் அங்கேயும் கடைசி பெஞ்சுதான்.

வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்வது நமக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிக் காலத்தில் எண்சுவடி என்று தனிச் சுவடியே இருந்தது. முழு எண்கள் மட்டுமல்ல, 320ல் ஒரு பங்கான முந்திரி, 80ல் ஒரு பங்கான காணி, 20ல் ஒரு பங்கான மா என்று பின்னங்களையும் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். 1957ல் நயா பைசா வரும் வரை ஒரு ரூபாய்க்கு 16 அணா. அதனால் பதினாறாம் வாய்ப்பாடு கடைக் கணக்குக்கே தேவைப்பட்டது. பள்ளியில் சொன்னதைக் கடையிலும் வயலிலும் தினமும் பயன்படுத்தினார்கள். என் மாணவிக்கு அந்த இரண்டாவது பாதி கிடைக்கவில்லை. வரிசையாகச் சொல்வதை மட்டும் பழகி இருந்தாள். நடுவில் இருந்து ஒன்றை மட்டும் எடுக்கப் பழகவில்லை.

நான் செய்த முதல் தப்பு

புது லேப்டாப் அல்லவா, அதைக் காட்டி அசத்த வேண்டும் என்று ஆசை. பவர் பாயின்டில் ஒரு ஸ்லைடு ஷோ செய்தேன். திரையில் 7 x 8 என்று வரும். ஐந்து வினாடியில் ஸ்லைடு தானாக மாறும். பதில் சொல்லாவிட்டால் சிவப்பில் பெரிய பெருக்கல் குறியும் கூடவே 'டொய்ங்' என்று ஒரு சத்தமும் வரும். வகுப்பில் நன்றாகப் படிக்கும் நாலைந்து பேர் துள்ளிக் குதித்தார்கள். எனக்கும் பெருமை.

மூன்றாம் நாள் அந்த மாணவி வயிற்றுவலி என்று வரவில்லை. மறுநாளும் வரவில்லை. விசாரித்தால், "அந்தச் சத்தம் வந்தா எல்லாரும் என்னைத் திரும்பிப் பாக்குறாங்க சார்" என்றாள். ஏற்கெனவே விடை தெரிந்த பிள்ளைகளுக்குத்தான் என் ஸ்லைடு ஷோ விளையாட்டாக இருந்திருக்கிறது. தெரியாத பிள்ளைக்கு அது எதையும் கற்றுக் கொடுக்கவில்லை, தெரியாது என்பதை ஊருக்கு அறிவித்தது. அந்த ஃபைலை அன்றே டெலீட் செய்தேன்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. வாய்ப்பாடே வராது என்கிறாளே, எத்தனை வரவில்லை? அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதை எண்ணிச் சொல்லும் வேலைக்குத்தான் கம்ப்யூட்டர் சரியான ஆள்.

100ல் மிச்சம் எத்தனை?

1 முதல் 10 வரை வாய்ப்பாட்டில் மொத்தம் 100 பெருக்கல்கள். இதில் எதையெல்லாம் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம் என்று பார்ப்போம்.

7 x 8ம் 8 x 7ம் ஒன்றுதான். திருப்பிப் போட்டவற்றைக் கழித்தால் மிச்சம் 55.

ஒன்றாம் வாய்ப்பாட்டுக்கு மனப்பாடம் தேவை இல்லை. 10 போனால் மிச்சம் 45.

பத்தாம் வாய்ப்பாடு என்பது பக்கத்தில் ஒரு பூஜ்யம். இன்னும் 9 போகும். மிச்சம் 36.

இரண்டாம் வாய்ப்பாடு என்பது இரட்டிப்பு. 8 போகும். மிச்சம் 28.

ஐந்தாம் வாய்ப்பாடு 5லும் 0லும் முடியும். பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக் கொள்வார்கள். 7 போகும். மிச்சம் 21.

ஒன்பதாம் வாய்ப்பாட்டுக்கு வழி உண்டு. 9 x 7 வேண்டும் என்றால் 70ல் இருந்து 7ஐக் கழித்தால் 63. இப்படி 6 போகும். மிச்சம் 15.

ஆக, உண்மையிலேயே பாடுபட்டு மனதில் ஏற்ற வேண்டியது 15 மட்டும். அவை இதோ: 3 x 3, 3 x 4, 3 x 6, 3 x 7, 3 x 8, 4 x 4, 4 x 6, 4 x 7, 4 x 8, 6 x 6, 6 x 7, 6 x 8, 7 x 7, 7 x 8, 8 x 8.

இந்தக் கழித்தலைக் கரும்பலகையில் பிள்ளைகள் முன்னாலேயே செய்யுங்கள். ஒவ்வொரு வரிசையாக அழிக்க அழிக்க அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

ஒர்க் ஷீட் தயாரிப்போம்

இப்போது எக்செல் அல்லது கால்க்கைத் திறந்து கொள்ளுங்கள். கட்டம் கட்டமாகத் தெரிகிறதே, ஒவ்வொரு கட்டமும் ஒரு செல். மேலே இருக்கும் எழுத்தையும் பக்கத்தில் இருக்கும் எண்ணையும் சேர்த்தால் அந்தச் செல்லின் பெயர். இடது மேல் மூலையில் இருப்பது ஏ1. இங்கே ஏ, பி, சி, டி, ஈ, எஃப் என்று தமிழில் நான் எழுதுவதை எல்லாம் நீங்கள் ஆங்கில எழுத்தில் டைப் செய்ய வேண்டும்.

1. முதல் வரிசையில் தலைப்புகள். ஏ1ல் முதல் எண், பி1ல் இரண்டாம் எண், சி1ல் விடை, டி1ல் முடிவு, ஈ1ல் பெட்டி, எஃப்1ல் கலக்கல் என்று டைப் செய்யுங்கள்.

2. இரண்டாம் வரிசையில் இருந்து 16ஆம் வரிசை வரை மேலே சொன்ன 15 ஜோடிகளையும் நிரப்புங்கள். ஏ2ல் 3, பி2ல் 3. ஏ3ல் 3, பி3ல் 4. இப்படியே போகவும். ஒவ்வொரு எண்ணுக்கும் தனிச் செல் வேண்டும். ஒரே செல்லில் 3-8 என்று டைப் செய்து என்டர் தட்டினால், நீங்கள் ஏதோ தேதி சொல்கிறீர்கள் என்று நினைத்து எக்செல் அதைத் தேதியாக மாற்றிவிடும்.

3. டி2 செல்லில் மவுஸை வைத்துக் கிளிக் செய்து இந்த ஃபார்முலாவை அமையுங்கள்:

=ஐஎஃப்(சி2=ஏ2*பி2,"சரி","")

ஐஎஃப் என்பது ஐ, எஃப் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள். பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி. கடைசியில் இரண்டு மேற்கோள் குறிகள் நடுவில் எதுவும் இல்லாமல் அடுத்தடுத்து வரும். தமிழில் டைப் செய்ய வராதவர்கள் 'சரி' என்ற இடத்தில் ஓகே என்று ஆங்கிலத்தில் போட்டுக் கொள்ளலாம். கால்க்கில் கமாவுக்குப் பிழை காட்டினால் அந்த இடத்தில் செமிகோலன் போட்டுப் பாருங்கள். சி2ல் டைப் செய்த விடை பெருக்கிய விடைக்குச் சமமானால் சரி என்று காட்டு, இல்லாவிட்டால் ஒன்றும் காட்டாதே என்பதுதான் இந்த ஃபார்முலாவின் பொருள்.

4. டி2 செல்லின் வலது கீழ் மூலையில் ஒரு சிறிய சதுரப் புள்ளி தெரியும். மவுஸால் அதைப் பிடித்து டி16 வரை கீழே இழுத்து விடுங்கள். 15 வரிசைகளுக்கும் ஃபார்முலா தானாக அமைந்துவிடும்.

5. எஃப்2ல் =ராண்ட்() என்று அமையுங்கள். ராண்ட் என்பது ஆர், ஏ, என், டி. அடைப்புக் குறிக்குள் ஒன்றும் வேண்டாம். என்டர் தட்டினால் 0வுக்கும் 1க்கும் இடையில் ஏதோ ஓர் எண் வரும். இதையும் எஃப்16 வரை இழுத்து விடுங்கள். இந்த எண்கள் அடிக்கடி மாறிக் கொண்டே இருக்கும். பயப்பட வேண்டாம், அதன் குணமே அதுதான்.

6. ஏ1 முதல் எஃப்16 வரை செலக்ட் செய்து, டேட்டா மெனுவில் சார்ட் என்பதைக் கிளிக் செய்யுங்கள். முதல் வரிசை தலைப்பு என்று சொல்லும் கட்டத்தில் டிக் இருக்கட்டும். கலக்கல் என்ற தலைப்பைத் தேர்வு செய்து ஓகே கொடுங்கள். சீட்டுக் கட்டைக் கலைத்தது போல 15 கணக்குகளும் இடம் மாறிவிடும். ஒவ்வொரு தடவையும் இப்படிக் கலைத்த பிறகே பிள்ளையிடம் கொடுக்க வேண்டும். வரிசை இருந்தால் மறுபடியும் பாட்டு ஆரம்பித்துவிடும்.

7. ஃபைல் மெனுவில் சேவ் ஆஸ் போய் வாய்ப்பாடு என்று பெயர் கொடுத்துச் சேமியுங்கள். பல பிள்ளைகள் இருந்தால் ஒவ்வொருவருக்கும் தனி ஃபைல் வேண்டும். பெயருக்குப் பின்னால் வகுப்பு வரிசை எண்ணைச் சேர்த்துக் கொண்டால் குழப்பம் வராது.

டி2 ஃபார்முலாவைப் பற்றி ஒரு சங்கதி. முதலில் நான் அதை இப்படி எழுதவில்லை. =சி2-ஏ2*பி2 என்று போட்டிருந்தேன். விடை சரியாக இருந்தால் 0 வரும், எளிமையாக இருக்கிறது என்று நினைத்தேன். இரண்டாம் நாளே ஒரு வாண்டுப் பயல் எல்லாக் கணக்குக்கும் சரியான விடை போட்டான். கணக்கில் அவ்வளவு கெட்டிக்காரன் இல்லையே என்று பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். விடையை டைப் செய்வதற்கு முன்னாலேயே முடிவுக் கட்டத்தில் -42 என்று நிற்கிறது. அவன் மைனஸை விட்டுவிட்டு 42 என்று அடிக்கிறான்! அவனைத் திட்ட மனம் வரவில்லை. எனக்கு ஐஎஃப் ஃபார்முலாவைக் கற்றுக் கொடுத்தது அவன்தான்.

தப்பான விடைக்கு ஏன் 'தப்பு' என்று காட்டச் சொல்லவில்லை என்று கேட்கலாம். வேண்டுமென்றேதான் விட்டேன். கட்டம் காலியாக இருந்தால் பிள்ளை தானாகவே மறுபடி யோசிக்கும். சிவப்பும் சத்தமும் செய்த வேலையை முன்பே பார்த்துவிட்டேனே.

பெட்டி என்பது எதற்கு?

இனி முக்கியமான பகுதி. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885ல் நூலாக வெளியிட்டார். படித்ததில் பெரும்பகுதி சீக்கிரமே மறந்துவிடுகிறது, ஒரே நாளில் பல தடவை படிப்பதைவிடப் பல நாட்களுக்குப் பிரித்துப் படித்தால் நன்றாக நிற்கிறது என்று கண்டார். செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972ல் இதற்கு ஒரு சுலபமான வழியை எழுதினார். கேள்விகளை அட்டைகளில் எழுதிப் பெட்டியில் போடுவது. தெரிந்த அட்டை அடுத்த பெட்டிக்கு முன்னேறும். தெரியாத அட்டை முதல் பெட்டிக்குத் திரும்பும். முன்னேறிய பெட்டியை எப்போதாவது திறந்தால் போதும்.

நம் ஒர்க் ஷீட்டில் ஈ காலத்தில் இருக்கும் எண்தான் அந்தப் பெட்டி. இன்னும் தொடங்காத கணக்கு 0, தினமும் பார்க்க வேண்டியது 1, செவ்வாயும் வியாழனும் பார்ப்பது 2, வெள்ளிக்கிழமை மட்டும் பார்ப்பது 3.

முதல் நாள் 15 கணக்குகளையும் வாயால் கேளுங்கள். யாரும் பக்கத்தில் இல்லாமல் கேளுங்கள். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள். கடிகாரம் பிள்ளையின் கண்ணில் பட வேண்டாம். விரல் மடக்காமல் அதற்குள் சொன்னால் அந்தக் கணக்குக்கு 2 போடுங்கள். மற்றதற்கெல்லாம் 0. அந்த 0க்களில் ஏதாவது மூன்றை மட்டும் 1 ஆக மாற்றுங்கள். ஒரே நேரத்தில் புதிதாக மூன்றுக்கு மேல் வேண்டாம்.

டேட்டா மெனுவில் ஃபில்டர் என்று இருக்கும். கால்க்கில் ஆட்டோ ஃபில்டர். அதைக் கிளிக் செய்தால் தலைப்புகளில் சிறிய அம்புக்குறி தோன்றும். பெட்டி என்ற தலைப்பின் அம்புக்குறியில் 1ஐ மட்டும் டிக் செய்தால் அந்தக் கணக்குகள் மட்டும் திரையில் நிற்கும். செவ்வாய், வியாழனில் 1ஐயும் 2ஐயும் டிக் செய்யுங்கள். வெள்ளியில் 1ஐயும் 3ஐயும் டிக் செய்யுங்கள்.

பயிற்சி முடிந்ததும் பெட்டி எண்ணைத் திருத்துங்கள். உடனே சொன்னதற்கு ஒன்று கூட்டுங்கள். 3க்கு மேல் வேண்டாம். தடுமாறியது எந்தப் பெட்டியில் இருந்தாலும் 1க்கு வரட்டும். 1ல் இருந்து ஒன்று முன்னேறினால் 0வில் இருந்து புதிதாக ஒன்றை எடுங்கள். பிறகு ஃபில்டரை நீக்கி, சி2 முதல் சி16 வரை செலக்ட் செய்து டெலீட் கீயை அழுத்தினால் விடைகள் அழிந்து மறுநாளுக்குத் தயார். டி காலத்தைத் தவறி அழித்துவிடாதீர்கள், ஃபார்முலா போய்விடும். அழித்துவிட்டால் கன்ட்ரோல் கீயுடன் இசட் கீயை அழுத்துங்கள், திரும்பி வரும்.

என் மாணவிக்கு முதல் நாள் கேட்டபோது 15ல் 6 உடனே வந்தன. ஃபில்டரில் 0வை மட்டும் டிக் செய்து லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினேன். ஒன்பது வரிசைகள் நின்றன. "இதுதான் உனக்கு வராதது. வேற ஒண்ணும் இல்ல" என்றேன். திரையைக் கீழே நகர்த்திப் பார்த்தாள். அடியில் இன்னும் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று தேடினாள். "அவ்வளவுதானா சார்?" என்றாள். வாய்ப்பாடே வராது என்று நினைத்திருந்த பிள்ளைக்கு ஒன்பதுதான் வராது என்று தெரிந்ததும் தோள் நிமிர்ந்துவிட்டது. மறுநாளில் இருந்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து நிமிடம் அவளே வந்து உட்கார ஆரம்பித்தாள்.

ஒரு கம்ப்யூட்டர், முப்பது பிள்ளைகள்

வீட்டில் ஒரு பிள்ளை என்றால் மேலே சொன்னது போதும். வகுப்பறையில் என்ன செய்வது? இதற்கு விடை நம் ஊரிலேயே இருந்தது. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789ல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியின் பொறுப்பை ஏற்றார். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதி ஒருவருக்கு ஒருவர் சொல்லிக் கொடுப்பதைப் பார்த்து அதையே தன் பள்ளியில் செய்தார். 1797ல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். இங்கிலாந்தில் மெட்ராஸ் முறை என்ற பெயரில் அது பரவியது. நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை கப்பல் ஏறிப் போன கதை அது.

நானும் பிள்ளைகளை இரண்டு இரண்டு பேராக உட்கார வைத்தேன். பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கொண்டு வரச் சொன்னேன். கறம்பக்குடியில் எந்த வீட்டிலும் அதற்குப் பஞ்சம் இல்லை. வெட்டிய அட்டையில் எழுதாத பக்கத்தில் ஒரு கணக்கு, பின்னால் சிறியதாக விடை. ஒருவர் காட்ட, மற்றவர் சொல்ல வேண்டும். உடனே வந்தால் வலது பக்கம், தடுமாறினால் இடது பக்கம். ஐந்து நிமிடத்தில் ஆள் மாற வேண்டும். இடது பக்கம் விழுந்த அட்டைகளை நோட்டில் குறித்துத் தருவார்கள். மாலையில் வீட்டில் உட்கார்ந்து அதை ஒவ்வொருவருடைய ஃபைலிலும் பெட்டி எண்ணாக மாற்றுவேன். கம்ப்யூட்டர் செய்ய வேண்டிய வேலை, யாருக்கு நாளைக்கு எந்த அட்டை என்று நினைவு வைத்துக் கொள்வது மட்டும். முப்பது பேருக்கு அதை என் தலையில் வைத்துக் கொள்ள முடியாது.

புயல் வைத்த பரீட்சை

2018 நவம்பர் 14, புதன்கிழமை. அன்று மாலை என் மாணவியின் ஃபைலில் 3ஆம் பெட்டியில் 11, 2ஆம் பெட்டியில் 2, 1ஆம் பெட்டியில் 2 இருந்தன. 16ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல். புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் அது செய்த சேதத்தை இங்கே விரித்துச் சொல்லத் தேவை இல்லை. எங்கள் பக்கம் தென்னை மரங்கள் வேரோடு சாய்ந்தன. கிராமங்களில் பல வாரங்கள் கரண்ட் இல்லை. என் லேப்டாப்பின் பேட்டரி மறுநாளே தீர்ந்துவிட்டது. அந்தப் பிள்ளையின் வீட்டு ஓடு பறந்து, அட்டைகள் எல்லாம் நனைந்து கூழாகிவிட்டன.

டிசம்பர் இரண்டாம் வாரம்தான் மறுபடி லேப்டாப்பைத் திறந்தேன். அவளைக் கூப்பிட்டு 15ஐயும் கேட்டேன். இடையில் யாரும் வாய்ப்பாட்டைத் தொடவில்லை. 3ஆம் பெட்டியில் இருந்த 11ல் 10 உடனே வந்தன. 2ஆம் பெட்டியில் இருந்த இரண்டில் ஒன்று வந்தது. 1ஆம் பெட்டியில் இருந்த இரண்டுமே போய்விட்டன. ஒரே ஒரு பிள்ளையிடம் பார்த்ததை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் இடைவெளி விட்டு விட்டுக் கேட்டது மனதில் தங்கியிருந்ததை நானே கண்ணால் பார்த்தேன். மூன்று பெட்டியையும் கடந்தது புயலுக்கும் அசையவில்லை.

இன்னொரு பாடமும் கிடைத்தது. முக்கியமான ஃபைல்களை ஒரு பென் டிரைவில் காப்பி செய்து வேறு இடத்தில் வையுங்கள். பிள்ளைகளின் பெட்டி எண்களை மாதம் ஒரு முறை பிரின்ட் எடுத்து வைப்பதும் நல்லது.

மனப்பாடம் மட்டும் போதுமா?

போதாது. மறந்துவிட்டால் திரும்பிப் போக ஒரு வழி தெரிந்திருக்க வேண்டும். ஏழெட்டு மறந்தால் ஐயெட்டு 40, ஈரெட்டு 16, கூட்டினால் 56. எட்டெட்டு மறந்தால் நாலெட்டு 32, அதன் இரட்டிப்பு 64. அட்டையில் தடுமாறும் பிள்ளைக்கு விடையைச் சொல்லிவிடாமல் இந்த வழியைக் காட்டுங்கள். வழியைத் தெரிந்து கொண்டு, பிறகு பழகினால்தான் பிடிப்பு வரும்.

15ம் 3ஆம் பெட்டிக்கு வந்த பிறகு வகுத்தலுக்கு இன்னொரு ஷீட் செய்யுங்கள். ஏ காலத்தில் 56, பி காலத்தில் 7 என்று போட்டு, டி2ல் =ஐஎஃப்(சி2*பி2=ஏ2,"சரி","") என்று அமைத்தால் போதும். மற்றவை எல்லாம் பழையபடிதான். 7 x 8ஐ 8 x 7 என்று திருப்பிக் கேட்கவும் மறக்காதீர்கள்.

கையில் ஆண்ட்ராய்டு போன் இருந்தால் கூகுள் ஷீட்ஸில் இதே ஃபார்முலாக்கள் வேலை செய்யும். பெட்டிக் கணக்கைத் தானே பார்த்துக் கொள்ளும் ஆன்கி என்ற புரோகிராம் கம்ப்யூட்டருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. டக்ஸ் மேத் என்ற இலவச விளையாட்டில் வானத்தில் இருந்து கணக்குகள் விழும், விடையைத் தட்டினால் வெடிக்கும். அதைக் கணக்கு ஓரளவு பிடிபட்ட பிறகு கொடுங்கள். முன்னால் கொடுத்தால் என் பழைய ஸ்லைடு ஷோ கதைதான். ஆனால் முதலில் ஒர்க் ஷீட்டை நீங்களே செய்து பாருங்கள். இரண்டு ஃபார்முலா, ஒரு சார்ட், ஒரு ஃபில்டர். இவ்வளவு தெரிந்தால் வீட்டு வரவு செலவுக் கணக்கையும் நீங்களே போட ஆரம்பித்துவிடுவீர்கள்.

பொங்கல் கழித்து ஒரு நாள் அந்தப் பிள்ளையின் வீட்டுப் பக்கம் போனேன். சாய்ந்த மரங்களை அப்புறப்படுத்திவிட்டுத் தென்னங்கன்று வைக்கக் குழி வெட்டிக் கொண்டிருந்தார்கள். அவளுடைய அப்பத்தா என்னைப் பார்த்ததும், "வாங்க வாத்தியாரே, எத்தனை கன்னு வாங்கணும்னு எண்ணிக்கிட்டு இருக்கேன், பாதியில விட்டுப் போச்சு" என்றார். பேத்தி வரப்பில் நின்றபடி இரண்டு பக்கமும் பார்த்தாள். "ஏழு வரிசை, வரிசைக்கு எட்டு. அம்பத்தாறு அப்பத்தா" என்றாள். கை இரண்டும் பாவாடைப் பையில் இருந்தன.